லேப்டாப்புக்கும் சுழி உண்டு!

மாடு வாங்கப் போகிறவர் என்ன செய்வார்?

கொம்பைப் பார்ப்பார். வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பார். நாலு எட்டு நடக்கவிட்டுப் பார்ப்பார். உடம்பில் எங்கெங்கே சுழி இருக்கிறது என்று தடவிப் பார்ப்பார். இவ்வளவும் பார்த்த பிறகுதான், துண்டுக்குள் கையை விட்டு விலை பேசுவார்.

அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கத்துக் கரிசல்காட்டு மக்களுக்கு இதை யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியது இல்லை. திருச்சுழி என்ற ஊரின் பெயரிலேயே சுழி இருக்கிறது. ஊரை மூழ்கடிக்க வந்த பிரளய வெள்ளத்தை, சிவபெருமான் சூலத்தால் பூமியைக் குத்திச் சுழித்து உள்ளே போகச் செய்தார் என்பது தல புராணம். ரமண மகரிஷி 1879-ம் ஆண்டு டிசம்பர் 30-ந் தேதி பிறந்ததும் இந்த ஊரில்தான்.

மாட்டுக்குச் சுழி பார்த்தவர்கள், இனி லேப்டாப்புக்கும் சுழி பார்க்க வேண்டும்!

"லேப்டாப்புக்கு ஏது சுழி?" என்று கேட்கிறீர்களா? திருச்சுழியில் ஒரு வீட்டில் நடந்ததைக் கேளுங்கள். வீட்டுக்காரர் பெயர் வேண்டாம். உங்கள் வீட்டிலும் இது நடக்கலாம்.

சேலைக்குள் ஒரு லேப்டாப்

தந்தை, சீமைக்கருவேல மரத்தை வெட்டிக் கரிமூட்டம் போடும் தொழிலாளி. தாய் நூற்பாலைக்கு வேலைக்குப் போகிறார். இரண்டு பெண் பிள்ளைகள்.

மூத்த பெண் 2017-ம் ஆண்டு பிளஸ்-2 படித்தபோது, அரசாங்கத்தின் விலையில்லா லேப்டாப் அவளுக்குக் கிடைத்தது. அதை வைத்தே கல்லூரிப் படிப்பையும் முடித்தாள். பிறகு கலியாணம் ஆகிக் கமுதிப் பக்கம் போய்விட்டாள். லேப்டாப் தாய் வீட்டிலேயே தங்கிவிட்டது. தாய் அதைப் பழைய சேலை ஒன்றில் சுற்றிப் பீரோவில் வைத்தார்.

இளையவள் இப்போது அருப்புக்கோட்டையில் கல்லூரிக்குப் போகிறாள். "எனக்கு லேப்டாப் வேணும்மா" என்றாள்.

பீரோ திறந்தது. சேலை பிரிந்தது. லேப்டாப் வெளியே வந்தது. விளக்கு எரிந்தது. ஆனால் திரை வருவதற்குள் அடுப்பில் வைத்த பால் பொங்கிவிட்டது. அத்தனை தாமதம்! அதோடு ஓர் அறிவிப்பும் வந்தது. "இந்த விண்டோசுக்கு இனிமேல் ஆதரவு இல்லை" என்பது அதன் சாரம்.

கடைக்குக் கொண்டுபோனார்கள்.

"இதில் புது விண்டோஸ் ஏறாது. புதிது வாங்கிக்கொள்ளுங்கள். 30 ஆயிரம் ரூபாய் ஆகும்" என்று கடைக்காரர் கூறிவிட்டார்.

முப்பதாயிரம்! தாய் ஒன்றும் பேசவில்லை. லேப்டாப்பை மறுபடியும் சேலையில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறினார்.

கடைக்காரர் சொன்னது பொய்யா?

பொய் இல்லை.

விண்டோஸ் 10 என்பது மைக்ரோசாப்ட் கம்பெனி 2015-ம் ஆண்டு வெளியிட்ட இயங்குதளம். இயங்குதளம் என்றால், லேப்டாப்பின் எல்லா உறுப்புகளையும் வேலை வாங்கும் மேஸ்திரி என்று வைத்துக்கொள்ளுங்கள். 2025-ம் ஆண்டு அக்டோபர் 14-ந் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை அந்தக் கம்பெனி நிறுத்திவிட்டது. முறையாகப் பதிவு செய்துகொண்ட வீட்டுக் கம்ப்யூட்டர்களுக்கு 2026-ம் ஆண்டு அக்டோபர் வரை ஓராண்டு தவணை கொடுத்தது.

ஆதரவு நின்றால் லேப்டாப் நின்றுவிடாது. ஓடும். ஆனால் புதுப்புது வைரஸ்களைத் தடுக்கும் ஒட்டுவேலை நின்றுபோகும். கதவு இருக்கும், பூட்டு பழுதாகிக்கொண்டே போகும்.

"அப்படியானால் விண்டோஸ் 11 போடலாமே?" என்று கேட்பீர்கள். அதற்கு நிபந்தனைகள் உண்டு. 4 ஜி.பி. ராம் வேண்டும். 64 ஜி.பி. இடம் வேண்டும். டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு அமைப்பு வேண்டும். இன்டெல் சிப் என்றால், பெரும்பாலும் எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ ஆக இருக்கவேண்டும். அந்த எட்டாம் தலைமுறை வெளிவந்ததே 2017-ம் ஆண்டுக் கடைசியை ஒட்டித்தான். அதற்கு முந்திய லேப்டாப்புகள் வரிசையில் நின்றும் பயன் இல்லை.

லேப்டாப் கெட்டுவிட்டதா? இல்லை. திரை நன்றாக இருக்கிறது. கீபோர்டு நன்றாக இருக்கிறது. மேஸ்திரிதான் இல்லை!

மதுரையிலிருந்து வந்த அண்ணன்

அந்த வாரம் பெரியம்மா மகன் மதுரையிலிருந்து வந்தான். கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் வேலை தெரிந்தவன். விஷயத்தைக் கேட்டான். பையிலிருந்து ஒரு பென் டிரைவை எடுத்தான்.

"சித்தி, வேறு மேஸ்திரியை வைத்துப் பார்ப்போமா?" என்றான்.

"அதுக்கு எவ்வளவுப்பா ஆகும்?"

"காசு இல்லை சித்தி. இதன் பெயர் லினக்ஸ்."

லினக்ஸ் பிறந்தது பின்லாந்து நாட்டில். ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற 21 வயது மாணவர், 1991-ம் ஆண்டு ஆகஸ்டு 25-ந் தேதி இதைப் பற்றி உலகுக்கு அறிவித்தார். பொழுதுபோக்காகத் தொடங்கியது, இன்று உலகத்தையே ஓட்டுகிறது. உலகின் மிக வேகமான 500 சூப்பர் கம்ப்யூட்டர்களும் 2017-ம் ஆண்டிலிருந்து லினக்சில்தான் ஓடுகின்றன. உங்கள் கையில் இருக்கும் ஆண்ட்ராய்டு போனுக்கு உள்ளே இருப்பதும் லினக்ஸ்தான்!

இதன் சிறப்பு விலையில்லாமல் கிடைப்பது மட்டும் இல்லை. எப்படிச் செய்தது என்ற விவரம் முழுவதும் வெளிப்படை. கடையில் வாங்கும் மசாலாப் பொட்டலத்தில் என்ன அரைத்தார்கள் என்று நமக்குத் தெரியாது. பாட்டி அரைக்கும் மசாலாவில் என்ன போட்டார் என்று கேட்டால் சொல்லிவிடுவார். நாம் இரண்டு மிளகாய் கூட்டலாம், குறைக்கலாம். லினக்ஸ், பாட்டியின் மசாலா மாதிரி. யாரும் பார்க்கலாம். யாரும் திருத்தலாம். திருத்தியதை யாருக்கும் கொடுக்கலாம். இதைத்தான் 'திறந்த மூல மென்பொருள்' என்கிறார்கள்.

எல்லாம் வந்தது, நெட் வரவில்லை!

பென் டிரைவைச் செருகினான். லேப்டாப்பை ஓட்டினான். சிறிது நேரத்தில் புதுத் திரை வந்தது. பாட்டுப் போட்டான், கேட்டது. டச்பேடில் விரலை ஓட்டினான், ஓடியது. காமிராவில் தங்கையின் முகம் தெரிந்தது. வீடே மகிழ்ந்தது.

வை-பையைத் தேடினான். அப்படி ஒன்று இருப்பதாகவே லேப்டாப் ஒப்புக்கொள்ளவில்லை!

"நெட் வராத லேப்டாப்பை வைத்து என்னப்பா செய்ய?" என்றார் தாய்.

நியாயமான கேள்வி. இங்கேதான் அந்தச் சுழி இருக்கிறது.

மாட்டின் பாஷை

லேப்டாப்புக்குள் பல உறுப்புகள் உண்டு. வை-பைக்கு ஒரு சிப். சத்தத்துக்கு ஒன்று. படத்துக்கு ஒன்று. ஒவ்வொன்றையும் ஒவ்வொரு கம்பெனி செய்கிறது. ஒவ்வொன்றுக்கும் ஒரு பாஷை.

வெளியூர்ச் சந்தையில் வாங்கிய மாடு, நம் ஊர் அதட்டலுக்கு உடனே அசையாது. அதன் பாஷை தெரிந்த வண்டிக்காரர் ஏறினால் நடக்கும். கம்ப்யூட்டரிலும் அப்படி ஒரு வண்டிக்காரர் உண்டு. அவருக்குப் பெயரே 'டிரைவர்'! மேஸ்திரி சொல்வதை உறுப்பின் பாஷையில் எடுத்துச் சொல்லும் சின்ன மென்பொருள்தான் டிரைவர்.

விண்டோசுக்கு டிரைவரை உறுப்பு செய்த கம்பெனியே எழுதிக் கொடுத்துவிடும். வாங்குகிறவர் கோடிக்கணக்கில் இருக்கிறார்களே! லினக்சுக்குச் சில கம்பெனிகள் தாமே எழுதிக் கொடுக்கின்றன. சில கம்பெனிகள் பாஷையின் இலக்கணத்தையாவது வெளியிடுகின்றன. சில கம்பெனிகள் வாயைத் திறப்பதே இல்லை. அப்போது தொண்டர்கள் இருட்டில் தடவித் தடவி டிரைவர் எழுத வேண்டியிருக்கிறது.

ஆகவே, ஒரு லேப்டாப் லினக்சுக்குப் பொருந்துமா என்பது அதன் வயதைப் பொறுத்தது இல்லை. உள்ளே இருக்கும் உறுப்பைச் செய்தவர் வாய் திறந்தாரா என்பதைப் பொறுத்தது. சில சமயம், நேற்று வந்த புது லேப்டாப் தகராறு செய்யும். பத்து வருடப் பழசு சொன்னபடி கேட்கும்!

ஒரு பிரிண்டரால் வந்த புரட்சி

இந்தத் தகராறு இன்று நேற்று வந்தது அல்ல. திறந்த மென்பொருள் இயக்கம் பிறந்ததற்கே ஒரு பிரிண்டர்தான் காரணம் என்றால் நம்புவீர்களா?

1980-ம் ஆண்டை ஒட்டிய காலம். அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்வி நிலையத்தில் ரிச்சர்டு ஸ்டால்மன் என்ற இளைஞர் வேலை பார்த்தார். அங்கே புதிதாக ஒரு லேசர் பிரிண்டர் வந்தது. அதில் அடிக்கடி காகிதம் சிக்கிக்கொள்ளும். சிக்கியது தெரியாமல் எல்லோரும் காத்திருப்பார்கள். பழைய பிரிண்டருக்கு ஸ்டால்மன் ஒரு வழி செய்திருந்தார். காகிதம் சிக்கினால், அச்சுக்குக் கொடுத்தவர்களுக்குத் தகவல் போகும். புது பிரிண்டருக்கும் அதைச் செய்ய நினைத்தார். ஆனால் அதன் மென்பொருள் விவரம் அவரிடம் இல்லை. அது இருந்தவரிடம் போய்க் கேட்டார். "யாருக்கும் கொடுப்பதில்லை என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன்" என்று அவர் மறுத்துவிட்டார்.

அந்த மறுப்பு ஸ்டால்மன் மனதில் ஆறாத புண் ஆயிற்று. 1983-ம் ஆண்டு, க்னூ என்ற திட்டத்தை அறிவித்தார். அந்தத் திட்டத்தில் உருவான கருவிகளும், லினஸ் எழுதிய லினக்சும் பின்னால் ஒன்றாகச் சேர்ந்தன.

பிறகும் வழக்கு ஓயவில்லை. 2012-ம் ஆண்டு ஜூன் மாதம் பின்லாந்தில் ஒரு கூட்டம். படச் சிப்புகள் செய்யும் என்விடியா கம்பெனி ஒத்துழைக்கவில்லை என்று சொல்லி, லினஸ் மேடையிலேயே கெட்ட வார்த்தையில் திட்டிவிட்டார்! பத்து ஆண்டு கழித்து, 2022-ம் ஆண்டு மே மாதம், அந்தக் கம்பெனி தன் டிரைவரில் ஒரு பகுதியைத் திறந்து வெளியிட்டது. வை-பை சிப் செய்யும் பிராட்காம் கம்பெனி, 2010-ம் ஆண்டு செப்டம்பரிலேயே சில சிப்புகளுக்குத் திறந்த டிரைவர் வெளியிட்டது. வாய்கள் ஒவ்வொன்றாகத் திறக்கின்றன.

லினக்ஸ் அன்பர்களுக்கு உள்ளேயும் ஒரு சங்கடம் உண்டு. சில சிப்புகள் உயிர்பெற, கம்பெனி பூட்டி வைத்திருக்கும் சிறு மென்பொருள் ஒன்றை உள்ளே ஏற்றவேண்டும். "பூட்டிய பொருளைத் திறந்த வீட்டுக்குள் விடலாமா?" என்பது ஒரு கட்சி. "நெட் வராவிட்டால் ஏழை மாணவன் என்ன செய்வான்?" என்பது மறு கட்சி. 1993-ம் ஆண்டு தொடங்கிய டெபியன் என்ற லினக்ஸ் குடும்பம் 2022-ம் ஆண்டு இதற்கு ஓட்டெடுப்பே நடத்தியது. 2023-ம் ஆண்டு ஜூனில் வந்த டெபியன் 12 முதல், அந்தச் சிறு மென்பொருள்களையும் சேர்த்தே கொடுக்கிறார்கள். திருச்சுழித் தாய் கேட்ட கேள்வியைத்தான் உலகமும் கேட்டிருக்கிறது!

போன் வயர் காப்பாற்றியது

சரி, நம் வீட்டு வை-பை என்ன ஆயிற்று?

அண்ணன் சளைக்கவில்லை. தன் போனை வயரால் லேப்டாப்போடு இணைத்தான். போனின் அமைப்பில் 'யு.எஸ்.பி. டெதரிங்' என்பதை அழுத்தினான். போனில் இருந்த நெட், வயர் வழியாக லேப்டாப்புக்கு வந்துவிட்டது. பிறகு லினக்சில் இருக்கும் 'டிரைவர் மேனேஜர்' பகுதியைத் திறந்தான். வேண்டிய டிரைவரை அதுவே தேடிச் சொன்னது. ஏற்றினான். அடுத்த நிமிடம், வை-பை பட்டியல் வரிசையாக வந்து நின்றது!

ஒருவேளை அதுவும் பலிக்காவிட்டால்? சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் சிறிய யு.எஸ்.பி. வை-பை குச்சி ஒன்றைச் செருகலாம். லினக்சில் ஓடும் வகையா என்று கேட்டு வாங்கவேண்டும். அதற்கும் சுழி உண்டு!

அக்காள் சொன்ன ரகசியம்

சந்தோஷத்தில் கமுதிக்குப் போன் போட்டார்கள். அக்காள் ஒரு புதிர் போட்டாள்.

"அந்த லேப்டாப்பை ஆன் பண்ணினால் முதலில் இரண்டு வரி வரும். நான் விண்டோஸ் வரியைத்தான் அழுத்துவேன். இன்னொரு வரியில் 'பாஸ்' என்று ஏதோ இருக்கும். அது என்ன அண்ணே?"

அதுவும் லினக்ஸ்தான்!

தமிழ்நாட்டில் விலையில்லா லேப்டாப் திட்டத்தை முதல்-அமைச்சர் ஜெயலலிதா 2011-ம் ஆண்டு செப்டம்பர் 15-ந் தேதி தொடங்கிவைத்தார். அரசு பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி மாணவர்களுக்கும் கல்லூரி மாணவர்களுக்கும் லேப்டாப் கொடுத்தார்கள். வாங்கிக் கொடுத்தது 'எல்காட்' என்ற அரசு நிறுவனம். அவற்றில் விண்டோசோடு 'பாஸ்' லினக்சும் ஏற்றப்பட்டிருந்தது. பாஸ் என்பது மத்திய அரசின் சி-டாக் நிறுவனம், டெபியனை அடிப்படையாக வைத்து, இந்திய மொழிகளுக்காகச் செய்த லினக்ஸ். அது முதலில் வெளிவந்தது 2007-ம் ஆண்டு. சென்னையில் உருவானது!

இதில்தான் பெரிய பாடம் இருக்கிறது. இரண்டு மேஸ்திரிகளும் ஓடவேண்டும் என்று கேட்டு வாங்கிய லேப்டாப் அது. கேட்டு வாங்கினால், கம்பெனி வேண்டிய டிரைவரையும் சேர்த்துத்தான் கொடுக்கவேண்டும். கேட்காமல் வாங்கினால், வீட்டுக்கு வந்தபிறகு அண்ணன்தான் வயரும் கையுமாக நிற்கவேண்டும். பக்கத்துக் கேரளத்தில் அரசு பள்ளிக் கம்ப்யூட்டர்கள் லினக்சில் ஓடுகின்றன. அங்கேயும் முறை இதுதான்.

2025-ம் ஆண்டு மார்ச் 14-ந் தேதி, தமிழக நிதி அமைச்சராக இருந்த தங்கம் தென்னரசு, 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு இரண்டு ஆண்டுகளில் லேப்டாப் அல்லது டேப்லெட் கொடுக்கப்படும் என்று பட்ஜெட்டில் அறிவித்தார். அவர் 2021-ம் ஆண்டுத் தேர்தலில் வென்ற தொகுதி எது தெரியுமா? திருச்சுழி!

சுழி பார்ப்பது எப்படி?

உங்கள் வீட்டிலும் பழைய லேப்டாப் இருக்கிறதா? எடைக்குப் போடும் முன்பு இப்படிச் சோதித்துப் பாருங்கள்.

முதலில், உள்ளே இருக்கும் போட்டோ, பாடம், சான்றிதழ் எல்லாவற்றையும் வேறு இடத்தில் நகல் எடுத்து வையுங்கள். இதை மறந்து அழுதவர்கள் ஏராளம்.

இரண்டாவது, லினக்ஸ் மின்ட், உபுண்டு போன்ற ஒன்றைப் பென் டிரைவில் ஏற்றுங்கள். அதிலிருந்தே லேப்டாப்பை ஓட்டிப் பாருங்கள். 'நிறுவு' என்பதை அழுத்தாதவரை, பழைய விண்டோசுக்கு ஒன்றும் ஆகாது. மாட்டை வாங்கும் முன்பு நடக்கவிட்டுப் பார்ப்பது போலத்தான் இது.

மூன்றாவது, ஒவ்வொரு உறுப்பாகத் தொட்டுப் பாருங்கள். வை-பை வருகிறதா? சத்தம் கேட்கிறதா? காமிரா, மைக் வேலை செய்கிறதா? மூடித் திறந்தால் தூக்கத்திலிருந்து விழிக்கிறதா? வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் பொத்தான் கேட்கிறதா? வீட்டில் பிரிண்டர் இருந்தால் அதையும் மாட்டிப் பாருங்கள்.

நான்காவது, ராம் எவ்வளவு என்று பாருங்கள். 4 ஜி.பி. இருந்தால் மின்ட் ஓரளவு நன்றாக ஓடும். 2 ஜி.பி.தான் என்றால், லுபுண்டு போன்ற எடை குறைந்த வகையைப் பாருங்கள். அதிலும் வேகம் குறைவாகத்தான் இருக்கும். பழைய ஹார்டு டிஸ்கை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. போட்டால், வேகம் வெகுவாகக் கூடும்.

ஐந்தாவது, கல்லூரியில் கேளுங்கள். சில கணக்கு மென்பொருள்களும், சில ஆன்லைன் தேர்வு மென்பொருள்களும் விண்டோசில் மட்டுமே ஓடும். அது கட்டாயம் என்றால், விண்டோசையும் ஒரு பக்கம் வைத்துக்கொண்டு இரண்டையும் சேர்த்து ஏற்றலாம். கட்டுரை, கணக்கு அட்டவணை, நெட், தமிழ்த் தட்டச்சு இவற்றுக்கு லினக்சில் குறை இல்லை. லிபர் ஆபீஸ் என்ற விலையில்லா மென்பொருள் இருக்கிறது. விண்டோசில் செய்த கடிதத்தை அதில் திறந்தால், சில சமயம் வரிகள் இடம் மாறும். அதைத் திருத்திக்கொள்ளவேண்டும்.

புது லேப்டாப் வாங்குகிறவர்களும் கடையில் ஒரு கேள்வி கேளுங்கள்: "இது லினக்சில் ஓடுமா?" இப்படிப் பத்துப் பேர் கேட்டால், பதினோராவது ஆளுக்குக் கடைக்காரர் தாமே சொல்லுவார்.

காலை பஸ்

அன்று இரவு அண்ணன் எல்லாவற்றையும் நகல் எடுத்துக்கொண்டு, லினக்சை நிரந்தரமாக ஏற்றினான். மொத்தச் செலவு, இரண்டு தேநீரும் ஒரு தட்டு சேவும்!

பேட்டரி மட்டும் நெடுநேரம் தாங்கவில்லை. அதை மாற்றப் பணம் வேண்டும். "அடுத்த மாதச் சம்பளத்தில் பார்க்கலாம்" என்றார் தாய். முப்பதாயிரத்தை நினைத்து வாயடைத்துப் போனவர், இப்போது பேட்டரி விலையைத் தைரியமாக விசாரிக்கிறார்.

மறுநாள் காலை, இளையவள் அருப்புக்கோட்டை பஸ்சில் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு போனாள். பழைய சேலை பீரோவில் மடித்தபடி இருந்தது.

உங்கள் வீட்டுப் பீரோவையும் ஒரு தடவை திறந்து பாருங்கள்!